நம்பத்தகுந்த இயங்குதளம் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். சென்ற ஆண்டு இவ்விடத்தில் சிலம்பைக் கேட்டு மகிழ்ந்தோம்; அதற்கு முந்திய ஆண்டு கம்பரைக் கேட்டோம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் பொருளோ கணிப்பொறியின் இயங்குதளம். ஆங்கிலத்தில் ‘ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிலப்பதிகாரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சங்க அலுவலகத்துக் கணிப்பொறியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அதில் ஓடும் விண்டோஸ் 10 என்னும் தளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 14-10-2025 அன்றோடு முடிந்தது. பொறியும் பழையது, புதிய விண்டோஸை ஏற்காது. விண்டோஸ் உள்ள புதுப் பொறி வாங்குவதா, லினக்ஸ் வைத்துக்கொள்வதா என்று மூன்று கூட்டங்கள் வழக்காடியும் முடிவு ஏற்படவில்லை. இளைஞர்கள் ஒரு பக்கம், ஓய்வு பெற்ற பெரியவர்கள் மறுபக்கம். தொழில்முறையில் முப்பது ஆண்டுகள் இப்பொறிகளோடு மல்லாடியவர் பேசித் தீர்க்கட்டும் என்று நம்மைப் பிடித்துவிட்டார்கள்.

இயங்குதளம் என்பது யாது? கல்யாண வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் பந்தி நடக்கிறது, ஒருபுறம் மேளம், ஒருபுறம் சம்பந்திகளுக்குக் காப்பி. இவையெல்லாம் நாம் கண்ணால் காணும் வேலைகள். ஆனால் உக்கிராண அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்கு எவ்வளவு அரிசி, எந்த அடுப்பு எவருக்கு, எந்தப் பந்தி முதலில் என்று தீர்மானிப்பவர் ஒருவர் உள்ளே இருக்கிறார் அல்லவா? கணிப்பொறிக்குள் அவ்வேலையைச் செய்வதே இயங்குதளம். அதன் உட்கட்டுக்குக் கெர்னல் என்று பெயர். பரிமாறுகிறவர் கால் இடறினால் ஓர் இலை வீணாகும், கல்யாணம் நடக்கும். உக்கிராணத்துக்குள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் கல்யாணமே நின்றுபோகும். இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிற்க. நம் ஊரிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

2024 சூலை 19. ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. அன்று காலை ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் பயணிகளுக்கு அச்சிட்ட நுழைவுச் சீட்டுக் கிடைக்கவில்லை. கணிப்பொறித் திரைகளெல்லாம் நீல நிறமாய் உறைந்து நின்றன. இண்டிகோ விமானப் பணியாளர்கள் பேனாவை எடுத்துப் பயணியின் பெயர், இருக்கை எண், புறப்படும் வாயில் ஆகியவற்றைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஐதராபாத்திலிருந்து கல்கத்தா செல்லவிருந்த பயணி ஒருவர் அத்தகைய கையெழுத்துச் சீட்டைப் படமெடுத்து வெளியிட, அப்படம் உலகமெங்கும் சுற்றியது. உலகத்துக்கே மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஊர் நம் ஊர். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1998இலேயே தன் ஆராய்ச்சி வளர்ச்சி நிலையத்தை இங்கே திறந்தது. அவ்வூரிலே பேனாவும் காகிதமும் விமானத்தை ஏற்றி அனுப்பின.

அன்று நடந்தது என்ன? கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் அமெரிக்க நிறுவனம், பெரிய அலுவலகங்களின் கணிப்பொறிகளைக் காக்கும் காவல் மென்பொருளை விற்கிறது. அன்று நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு, அக்காவல் நிரலுக்கு ஒரு சிறு கோப்பை உலகெங்கும் ஒரே வீச்சில் அனுப்பியது. கோப்பிலிருந்த விதி 21ஆவது கட்டத்தைப் பார்க்கச் சொன்னது. நிரலுக்குத் தரப்பட்டிருந்தவையோ 20 கட்டங்களே. இல்லாத கட்டத்தைத் தேடிப்போன நிரல், தனக்குரியதல்லாத நினைவிடத்தில் கை வைத்தது. அந்நிரல் இருந்த இடம் பந்திக்கூடம் அன்று, உக்கிராணம். ஆகவே பொறி முழுதும் விழுந்தது. எழுப்பினால் மீண்டும் அதே கோப்பைப் படித்து மீண்டும் விழுந்தது.

தவற்றை உணர்ந்து 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆயினும் அதற்குள் 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் பொறிகளில் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த ஒன்று விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் இருந்தது. விழுந்த பொறி ஒவ்வொன்றின் முன்னும் மனிதர் ஒருவர் நேரில் உட்கார்ந்து, பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அக்கோப்பை அழித்தாக வேண்டும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதைத் திறக்கும் நீண்ட எண்ணும் வேண்டும். பல அலுவலகங்களில் அவ்வெண்களைச் சேமித்து வைத்திருந்த பொறியும் அன்று நீலமாய்க் கிடந்தது என்பதுதான் வேடிக்கை.

அன்று லினக்ஸ் விழவில்லை. ஆப்பிளின் மேக் விழவில்லை. “பார்த்தீர்களா!” என்று நம் இளைஞர்கள் அன்றே மாலை நூலக அறையில் கொண்டாடினார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2019 முதலே அயலார் நிரல்களை உட்கட்டிலிருந்து படிப்படியாக வெளியேற்றத் தொடங்கியது. விண்டோஸோ காவல் மென்பொருள்களை உள்ளே அனுமதித்தே வந்தது. அவ்விபத்துக்குப் பின்னரே, அவற்றை வெளியிலிருந்து பணிபுரியச் செய்யும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் அறிவித்து முனைந்தது.

மறு பாதி யாதெனில், அதே 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதே நிறுவனத்தின் காவல் நிரல் டெபியன் என்னும் லினக்ஸ் வகைப் பொறிகளைச் சாய்த்ததாக அவற்றை நடத்தியவர்கள் எழுதியிருந்தார்கள். விழுந்தவை சில, ஆகவே செய்தித்தாளில் இடம்பெறவில்லை. சூலையில் விழுந்தவை பல. ஆகவே உலகம் அதிர்ந்தது. லினக்ஸ் வலியது என்பதற்கு அந்த வெள்ளிக்கிழமையைச் சான்று காட்டுவது, எதிர்வீட்டில் திருடன் புகுந்ததால் நம் வீட்டுப் பூட்டு நல்ல பூட்டு என்று சொல்வதை ஒக்கும்.

லினக்ஸ் தானாகவே இடறிய நாளும் உண்டு. பூமியின் சுழற்சி சற்றே தளர்வதால், கடிகாரத்தோடு அதை ஒத்துப்போகச் செய்ய எப்போதாவது ஒரு வினாடியைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 2012 சூன் 30 நள்ளிரவில், அதாவது நமக்கு சூலை முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை 5.30 மணிக்கு, அவ்வாறு ஒரு வினாடி சேர்க்கப்பட்டது. அந்த ஒரு வினாடியை லினக்ஸ் கெர்னலின் நேரக்கணக்குச் சரிவர ஏற்கவில்லை. பொறிகள் ஒன்றும் செய்யாமலே மூச்சு முட்ட ஓடத் தொடங்கின. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின. அவற்றுக்குப் பயணச்சீட்டு ஏற்பாடு செய்துதந்த அமேடியஸ் முறை திணறியது. பெரும்பாலான பொறிகளைத் தேதியை மீண்டும் ஒரு தடவை எழுதிவிட்டாலே சரிசெய்ய முடிந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வரையில் பட்ட பாட்டை அன்று பணியிலிருந்தவர்கள் அறிவர்.

இனி, இவ்விரண்டையும்விட மூத்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பற்றிப் பேசாமல் சிகந்தராபாத்தில் இப்பொருளை முடிப்பது முறையன்று.

பொங்கலுக்கு ஊருக்குப் போகப் பயணச்சீட்டுக்காக நீங்கள் எல்லோரும் சிகந்தராபாத் நிலையத்து முன்பதிவு மன்றத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். சார்மினார் வண்டியில் ஓர் இடத்துக்காக விடியற்காலை டிபன் கட்டிக்கொண்டு வந்து நின்ற குடும்பங்கள் இங்கே எத்தனையோ உண்டு. ஒரு காலத்தில் அங்கே பெரிய பேரேடுகளைப் புரட்டி எழுதினார்கள். 1985-86இல் தில்லியில் கணிப்பொறி முன்பதிவு வந்தது. அதற்கு இம்ப்ரெஸ் என்று பெயர். பின்னர், எந்த ஊரிலிருந்தும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்னும் ‘கான்சர்ட்’ முறை 1990களின் இடைப்பகுதியில் வந்தபோது, அதை முதன்முதலில் நடத்திப் பார்த்த இடம் நம் சிகந்தராபாத். 1999இல் நாட்டின் முன்பதிவு நிலையங்கள் யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன.

அந்த முன்பதிவு நீண்ட காலம் ஓடியது விண்டோஸிலும் அன்று, லினக்ஸிலும் அன்று. டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1977இல் வெளியிட்ட வி.எம்.எஸ். என்னும் தளத்தின் வழித்தோன்றலில் அது ஓடியது. அத்தளத்தின் பெருமை இதுதான்: பல பொறிகளைக் கொத்தாகக் கட்டி ஒரே பொறியைப்போல் நடத்தலாம். ஒன்று விழுந்தால் மற்றது அதன் வேலையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும். பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். முழுதும் நிறுத்த வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. சன்னலுக்குப் பின்னால் இருப்பவர் தேநீர் குடிக்கப் போனதால்தான் வரிசை நின்றதே தவிர, வி.எம்.எஸ். நின்றதால் அன்று என்று நம் நண்பர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

இதில் ஒரு சுவையான செய்தி. வி.எம்.எஸ். தளத்தை வகுத்தவர்களில் தலையாயவர் டேவிட் கட்லர். அவர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார். அங்கே அவர் தலைமையில் உருவாகி 1993இல் வெளிவந்ததே விண்டோஸ் என்.டி. இன்று நாம் காணும் விண்டோஸ் யாவும் அதன் வழி வந்தவை. ஆக, அசையாது நின்ற தளத்தையும், நீலத்திரை காட்டி விழுகிறது என்று நாம் ஏசும் தளத்தையும் வகுத்தது ஒரே கை. தாய்மார்களே, ஒரே சமையற்காரர், ஒரே கைப்பக்குவம். ஓர் இடத்தில் விருந்து மணந்தது, மற்றோர் இடத்தில் ஏச்சுக் கேட்டார் என்றால் என்ன பொருள்? ஓர் இடத்தில் உக்கிராணத்துக்குள் அவர் வகுத்தவர்கள் மட்டுமே புகுந்தார்கள். பொறியும் ஒரே நிறுவனத்துப் பொறி. மற்றோர் இடத்திலோ ஆயிரம் நிறுவனத்துப் பொறிகள், பத்தாயிரம் பேர் எழுதிய துணைநிரல்கள். அச்சுப்பொறிக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்தார்கள். மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் ஆனதற்குக் கொடுத்த விலை அது.

அப்படியானால் எல்லோரும் வி.எம்.எஸ். வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். டிஜிட்டல் நிறுவனம் 1998இல் காம்பேக்கிடம் போயிற்று. காம்பேக் 2002இல் எச்.பி.யிடம் போயிற்று, 2014இல் வேறொரு சிறு நிறுவனம் வி.எம்.எஸ். தளத்தைத் தொடரும் உரிமையைப் பெற்றது. தளம் உறுதியாக நின்றது; தளத்துக்குரியவர்கள் நிற்கவில்லை. அதை அறிந்த பொறியாளர்கள் ஓய்வு பெறுகிறார்கள். நம் ரயில்வேயும் நிமிடத்துக்கு 32,000 சீட்டுக் கொடுக்கும் முன்பதிவு முறையை ஒன்றரை லட்சம் கொடுக்கும் முறையாக மாற்றப்போவதாக 2025இல் அறிவித்தது. நம்பகம் என்பதில், பத்தாண்டு கழித்துப் பழுது பார்க்க ஆள் கிடைப்பாரா என்பதும் அடங்கும்.

வங்கிகளில் உள்ள மெயின்ஃபிரேம் என்னும் பெரும்பொறிகளைப் பற்றியும் ஒரு சொல். ஐ.பி.எம். நிறுவனம் 1964இல் தொடங்கிய அம்மரபு இன்றும் உலகின் பெரிய வங்கிகளில் வாழ்கிறது. ஆயினும் 2012 சூனில் பிரிட்டனின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வங்கியின் பெரும்பொறியில், இரவு வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பிக்கப் போய், அது சரிப்படாமல் பழையதற்குத் திரும்ப முயன்று, வரிசை முழுதும் சிக்குண்டது. 65 லட்சம் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். சம்பளம் வந்து சேரவில்லை. கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லை. வங்கிக்கு 5 கோடியே 60 லட்சம் பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. பொறியில் ஒரு திருகும் கழலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இலண்டன் பங்குச் சந்தையின் கதை நம்மவர்க்கு நெருங்கியது. 2007இல் அது மைக்ரோசாஃப்ட் அடிப்படையில் அமைந்த டிரேட்எலெக்ட் என்னும் முறைக்கு மாறியது. 2008 செப்டம்பர் 8 அன்று, அமெரிக்க அரசு இரு பெரும் வீட்டுக்கடன் நிறுவனங்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட செய்தியால் வாணிகம் கொந்தளித்த நாளில், சந்தை ஏறத்தாழ ஏழு மணி நேரம் முடங்கியது. பழி விண்டோஸ் மேல் விழுந்தது. மறு ஆண்டே இலண்டன் சந்தை, கொழும்புக்கு அருகிலிருந்த மில்லேனியம்ஐ.டி. என்னும் இலங்கை நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. இலங்கைப் பொறியாளர்கள் வகுத்த, லினக்ஸில் ஓடும் அம்முறை 2011 பிப்ரவரி 14 அன்று இலண்டனின் முதன்மைச் சந்தைக்கு வந்தது. வேகமும் கூடிற்று. ஆனால் அதே மாதம் 25ஆம் நாள் காலை அதுவும் நின்றது. நான்கு மணி நேரம் அளவுக்கு வாணிகம் இல்லை. பின்னர் அதைச் செப்பனிட்டு உறுதியாக்கினார்கள். இந்த இரண்டாவது நாளைப் பற்றி லினக்ஸ் அன்பர்கள் பேசுவதில்லை. முதல் நாளைப் பற்றி விண்டோஸ் அன்பர்கள் பேசுவதில்லை.

இன்னும் ஒன்று, இது நம் உள்ளத்தை நெடுநாள் உறுத்தியது. விண்டோஸ் 95, 98 ஆகிய தளங்களில் பொறி எழுந்தது முதல் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகளை எண்ணும் எண்ணி ஒன்று உண்டு. 49 நாள் 17 மணி ஆனதும் அதன் கட்டங்கள் நிரம்பிப் பொறி உறைந்துபோகும். இப்பிழை பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. காரணம், 49 நாள் விழாமல் நின்ற விண்டோஸ் 95 அரிதினும் அரிது! சிரிக்கிறீர்கள். ஆனால் அதே வகை எண்ணி, கலிபோர்னியாவில் விமானங்களை வழிநடத்தும் நிலையத்தின் வானொலி ஏற்பாட்டிலும் இருந்தது. பழைய யூனிக்ஸ் பொறிகளுக்குப் பதிலாக விண்டோஸ் பொறிகள் வைத்தபோது புகுந்தது. நிரம்புமுன் 30 நாளுக்கு ஒரு முறை பொறியை நிறுத்தி எழுப்பிவிட வேண்டும் என்று விதி செய்து வைத்தார்கள். 2004 செப்டம்பர் 14 அன்று, எழுப்ப வேண்டியவர் எழுப்பத் தவறியதால் பொறி தானே நின்றது. துணைக்கு வைத்திருந்த ஏற்பாடும் நின்றது. வானத்திலே நூற்றுக்கணக்கான விமானங்கள். கீழிருந்து பேச வழியில்லை. மூன்று மணி நேரம். சில விமானங்கள் விதித்த தூரத்தினும் நெருங்கிப் பறந்தன. தெய்வாதீனமாக ஒன்றும் மோதவில்லை.

இங்கே பிழை யாருடையது? எண்ணியுடையதா, எழுப்ப மறந்தவருடையதா, மனிதன் மறக்கமாட்டான் என்று நம்பி விதி எழுதியவருடையதா? மூன்றாமவருடையது என்பதே நம் துணிபு.

கணக்கு வேண்டுவோர்க்குச் சொல்கிறோம். “நூற்றுக்கு 99.9 நேரம் நிற்காது” என்று விற்பவர் சொன்னால், ஆண்டில் எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். 99.99 என்றால் 53 நிமிடம். 99.999 என்றால் ஐந்தேகால் நிமிடம். ஒவ்வொரு ஒன்பதையும் கூட்டச் செலவு பன்மடங்காகும். விமான நிலையத்துக்கு ஐந்து நிமிடமும் மிகுதி. நம் சங்கத்துக்கு? ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் அலுவலகம் திறக்கிறோம். பொறி மூன்று நாள் படுத்தாலும் குடி முழுகாது. அவ்வாறாயின் இத்தனை வழக்கு எதற்கு என்று கேட்பீர்கள்.

இதுவரை ஊரார் கதையைச் சொன்னோம். இனி நம் கதை.

நம் சங்கத்தின் குடும்ப உதவி நிதியை நீங்கள் அறிவீர்கள். மாதம் நூறு ரூபாய் சந்தா. ஐந்தாண்டு விடாமல் செலுத்திய குடும்பத்தில் சம்பாதிப்பவர் மறைந்தால் ஐம்பதினாயிரம் ரூபாய். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் ஒருவர்க்கொருவர் கைகொடுக்க நம் முன்னோர் கண்ட வழி அது. 2011 வரை பேரேட்டில் எழுதினோம். அதன்பின் கணிப்பொறிக்கு மாற்றினோம், பேரேட்டை நிறுத்தினோம். அவ்வாறு நிறுத்தலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவர், அப்போது பொருளாளராக இருந்தவர், வேறெவரும் அல்லர், நாமே.

2019 மழைக்காலத்தில் ஓர் இரவு மின்சாரம் போய் வந்தது. மறுநாள் வட்டு எழவில்லை. நாம் கலங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் பென் டிரைவில் படி எடுத்து அலமாரியில் பூட்டி வைத்திருந்தோம் அல்லவா? அதை எடுத்து வேறு பொறியில் செருகித் திறந்தோம். உள்ளே இருந்தது கணக்கு அன்று. கணக்குக் கோப்புக்கு வழிகாட்டும் குறுக்குவழிப் படம் ஒன்று. மூன்றாண்டுகளாக நாம் வீட்டைப் படியெடுப்பதாக எண்ணிக்கொண்டு, வாசற்பலகையைப் படியெடுத்துவந்திருக்கிறோம். ஒரு மாதமாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

அந்த மாதமே நம் காலனியில் ஒருவர் மறைந்தார். அவர் துணைவியார் நிதி கேட்டு எழுதினார். சந்தா விடாமல் செலுத்தினாரா என்று காட்ட நம்மிடம் எழுத்து ஒன்றும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடியுமுன், அவ்வம்மையார் வீட்டுக்கு நாமே சென்று, “ரசீதுகள் இருந்தால் கொடுங்கள்” என்று கேட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து வைத்தார். ஏறத்தாழ எல்லா ரசீதும் இருந்தன. நான்கு மாதத்து ரசீது இல்லை. அந்த நான்கு மாதத்தை வைத்துச் செயற்குழு இரண்டு கூட்டம் பேசியது. விதி விதிதான் என்றார் சிலர். நம் குறையை அவர் தலையில் வைப்பதா என்றார் சிலர். மூன்றரை மாதம் கழித்துத் தொகை முழுதும் கொடுக்கப்பட்டது. அவர் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். அதன்பின் சங்கத்துப் படியேறவில்லை. மறு ஆண்டு தஞ்சைப் பக்கம் தம் ஊருக்கே போய்விட்டார்.

அன்று நம் பொறியில் ஓடியது எந்தத் தளம் என்று கேட்கிறீர்களா? எதுவாயிருந்தாலும் அதே நடந்திருக்கும். தளத்தின்மேல் எள்ளளவும் குற்றமில்லை. ஆனால் பொறி நிற்பது வேறு, எழுத்து அழிவது வேறு என்பதை நாம் அன்று கற்றோம். தளங்களை ஒப்பிடும் நூல்கள் பெரும்பாலும் முதலாவதையே அளக்கின்றன. நம்மைப் போன்றவர்க்கு வேண்டியது இரண்டாவது.

2024இன் வெள்ளிக்கிழமையையும் இதனோடு வைத்துப் பாருங்கள். நம் ரிசர்வ் வங்கி அன்றே ஆராய்ந்து, பத்து வங்கிகளும் நிதி நிறுவனங்களுமே சிறு இடையூறு அடைந்தன என்று அறிவித்தது. பெரும்பாலான வங்கிகளில் அக்காவல் மென்பொருள் இல்லை என்பதே காரணம். மாசாப் டாங்கில் ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப நிலையம் இருப்பதை அறிவீர்கள். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் அங்கே பயின்றிருக்கிறார்கள். எல்லா வங்கியும் ஒரே காவலரை வைத்திருந்தால் அன்று எல்லாம் ஒருங்கே விழுந்திருக்கும். ஷம்ஷாபாத்திலோ பேனா பிடிக்கத் தெரிந்த பணியாளர் இருந்தார். பயணியர் பட்டியலும் எப்படியோ கையில் இருந்தது. ஆகவே விமானம் பறந்தது.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் முப்பதாண்டுப் பழைய விண்டோஸ் 3.1 வைத்திருந்ததால் அன்று தப்பியது என்று ஒரு செய்தி பரவியதே, நம் அவையிலும் பலர் அதை நம்பினீர்கள். அது பொய். பழைய பொறியை மாற்ற வேண்டாம் என்பதற்கு அதை மேற்கோள் காட்டிய பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

இனி வழக்குக்கு வருவோம். அலுவலக மேசையில் விண்டோஸ் பொறியே இருக்கட்டும். நம் தணிக்கையாளர் டாலியில் கணக்குப் பார்க்கிறார்; அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது; எழுபது வயதுச் செயலாளருக்குப் பழகிய கையும் அதிலேதான். இளைஞர்கள் முகம் வாட வேண்டாம். ஆதரவு முடிந்ததென்று நாம் கழிக்கும் பழைய பொறியில் லினக்ஸை ஏற்றி நூலக அறையில் வைப்போம். நம் சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் உண்டு, விலை இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் கணக்கின் படி அப்பொறிக்குச் செல்லட்டும். ஒரு தளத்தைத் தாக்கும் அடி மற்றதைப் பெரும்பாலும் தாக்குவதில்லை என்று மேலே கண்டோம். இருவகையும் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். எவருக்கும் சமாதானம் சொல்வதற்காக அன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்தாக் கணக்கு காகிதத்தில் அச்சாகிப் பொருளாளர் அல்லாத ஒருவர் வீட்டில் இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, பொருளாளரும் உறுப்பினர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து, படியிலிருந்து ஏதேனும் ஒரு குடும்பத்தின் கணக்கைத் திறந்து படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். முன்கூட்டி எந்தக் குடும்பம் என்று பொருளாளருக்குச் சொல்லக் கூடாது. இத்தீர்மானத்தை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். 2011 முதல் 2019 வரையிலான கணக்கை உறுப்பினர்களின் ரசீதுகளைக் கொண்டே மீண்டும் எழுதிவருகிறோம். 23 குடும்பங்களின் கணக்கு இன்னும் நிறைவு பெறவில்லை. பட்டியல் வாயிலில் ஒட்டப்பட்டிருக்கிறது. பீரோவின் அடித்தட்டிலோ, அரிசி டின்னுக்குப் பின்னாலோ, பழைய மஞ்சள் பையிலோ ரசீது இருந்தால், வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக அறைக்குக் கொண்டு வாருங்கள். நாம் அங்கே இருப்போம்.